பாலிசி போட்டாச்சு, மெஷின் எடுக்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சேலத்தில் பத்து கம்ப்யூட்டர் முதல் எண்பது கம்ப்யூட்டர் வரை வைத்திருக்கும் ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம், அம்மாப்பேட்டையில் ஜவுளி, ஆத்தூர் ரோட்டில் சேகோ ஆலை, ஏற்காட்டில் விடுதி என்று இடம் மாறும், வருகிற போன் மட்டும் மாறாது: "அண்ணா, பாலிசி போட்டாச்சுங்க, ஆனா மெஷின் எடுக்க மாட்டேங்குதுங்க." ஒரே இடத்தில் விதி எழுதி எல்லா மெஷினுக்கும் தானாகப் போய்ச் சேரும்படி வைப்பதைத்தான் இங்கே பாலிசி என்கிறேன். ஆபீஸ் மெஷின்களையும் யூசர்களையும் டொமைன் சர்வரின் கீழ் கொண்டுவரும் விண்டோஸ் டொமைனில் அது குரூப் பாலிசி, டேப்லெட்டுக்கும் போனுக்கும் எம்டிஎம் (சாதனங்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்), வைஃபையில் ரவுட்டர் விதி.

ஒரு விஷயத்தை முதலிலேயே கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காரணம் தெரிவதற்கு முன் பாலிசியைத் திருத்தாதீர்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் பாலிசி சரியாகத்தான் இருக்கும், மெஷின்தான் சர்வரிடம் போய்ச் சேர்ந்திருக்காது. அவசரத்தில் நாலு இடத்தில் கை வைத்துவிட்டால் பழைய கோளாறோடு புதுசாக இரண்டு சேர்ந்துகொள்ளும், அப்புறம் எதைச் சரிசெய்தோம், எதைக் கெடுத்தோம் என்றே தெரியாது.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

கோளாறு உள்ள மெஷினில், அதைப் பயன்படுத்தும் ஆளே லாகின் ஆகியிருக்கும்போது, கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கொடுங்கள். மூன்று வரி போதும்: மெஷினின் ஐபி முகவரி, அதைக் கொடுத்த டிஹெச்சிபி சர்வர், பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர். அடுத்து 'ஜிபிரிசல்ட் /ஆர்'. எந்தப் பாலிசி வந்தது, எது வடிகட்டப்பட்டது, ஏன் வடிகட்டப்பட்டது என்று அதுவே சொல்லிவிடும். சாதாரணமாகத் திறந்தால் யூசர் பகுதி மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டர் பகுதிக்கு அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'ஜிபிரிசல்ட் /ஸ்கோப் கம்ப்யூட்டர் /ஆர்' கொடுக்க வேண்டும். இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாரையாவது கூப்பிட வேண்டி வந்தாலும் அந்த இரண்டு படம்தான் அவர் முதலில் கேட்பார்.

இன்னொன்று, நேரம் கொடுத்தீர்களா? மெஷின் தானாகப் பாலிசியைப் புதுப்பிப்பது 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை கூடுதலாகச் சேரும். அதாவது இரண்டு மணி நேரம் வரை வராமல் இருப்பது கோளாறே இல்லை. அவசரமென்றால் 'ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ்' கொடுத்து, லாகாஃப் ஆகித் திரும்ப வாருங்கள்.

## ஒரு மெஷினிலும் வரவில்லை

எல்லா மெஷினும் ஒன்றுபோல மறுத்தால் கோளாறு சர்வர் பக்கம்தான். மெஷின் மெஷினாக ஏறி இறங்க வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது, பாலிசியை உருவாக்கினீர்கள் சரி, லிங்க் செய்தீர்களா என்பதை. 'குரூப் பாலிசி ஆப்ஜெக்ட்ஸ்' என்ற இடத்தில் பாலிசி இருப்பதால் மட்டும் ஒன்றும் நடக்காது, சம்பந்தப்பட்ட ஓயூவில் (டொமைனில் யூசர், கம்ப்யூட்டர் கணக்குகளைப் பிரித்து வைக்கும் பிரிவு) அதை இணைக்க வேண்டும்.

இணைத்திருக்கிறீர்கள் என்றால், எந்தப் பக்கத்து விதி, எந்த ஓயூ? எல்லா மெஷினும் மறுக்கும் இடத்தில் நான் அதிகம் பார்ப்பது இந்தத் தவறைத்தான். கம்ப்யூட்டர் பக்கத்தில் எழுதிய விதி கம்ப்யூட்டர் கணக்குகள் இருக்கும் ஓயூவில்தான் வேலை செய்யும், யூசர் பக்கத்து விதி யூசர்கள் இருக்கும் ஓயூவில்தான். கணக்குப் பிரிவுப் பெண்களின் யூசர் கணக்கு மட்டும் இருக்கும் ஓயூவில் கம்ப்யூட்டர் விதியைக் கட்டிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். யூசர் விதியைக் குறிப்பிட்ட மெஷின்களில் மட்டும் போட வேண்டுமென்றால் அதற்கு 'லூப்பேக்' என்று தனி அமைப்பு இருக்கிறது.

இதோடு சேர்ந்ததுதான், டொமைனில் புதிதாகச் சேர்த்த மெஷின் போய் விழும் 'கம்ப்யூட்டர்ஸ்' பெட்டி. பார்க்க ஓயூ மாதிரியே இருக்கும், ஆனால் அது ஓயூ இல்லை, அதில் பாலிசியை லிங்க் செய்யவே முடியாது. மெஷினை அங்கிருந்து உரிய ஓயூவுக்கு இழுத்து வைத்து, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

ஓயூவும் சரியா? அப்படியென்றால் பாலிசி யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் செக்யூரிட்டி ஃபில்டரிங்கைத் திறங்கள். "கணக்குப் பிரிவுக்கு மட்டும் போதும்" என்று டொமைனின் எல்லா யூசரும் மெஷினும் அடங்கிய 'ஆத்தன்டிகேட்டட் யூசர்ஸ்' குழுவை அங்கிருந்து நீக்கியிருப்பார்கள். 2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு யூசர் பாலிசியைக்கூட மெஷினின் கணக்குதான் போய்ப் படித்து எடுத்துவருகிறது, மெஷினுக்குப் படிக்கும் உரிமை இல்லையென்றால் யூசருக்கும் வராது. டெலிகேஷன் பகுதியில் 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவுக்கு ரீட் உரிமை மட்டும் கொடுங்கள், போதும்.

விண்டோஸ் பதிப்பு போன்ற விவரத்தை வைத்து மெஷினை வடிகட்டும் டபிள்யூஎம்ஐ ஃபில்டர் போட்டிருந்தால் அதையும் ஒரு பார்வை. விண்டோஸ் 11 தன் பதிப்பு எண்ணை 10.0 என்றுதான் சொல்லும். பத்தையும் பதினொன்றையும் பிரிக்க வேண்டுமென்றால் பில்டு எண் 22000 அல்லது அதற்கு மேலா என்று பார்க்க வேண்டும். பதிப்பு 11 என்று எழுதிய ஃபில்டர் ஒரு மெஷினையும் பிடிக்காது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: இரண்டு டொமைன் சர்வர் இருந்து, ஒன்றில் பாலிசி தெரிகிறது, இன்னொன்றின் சிஸ்வால் ஃபோல்டரில் (பாலிசி கோப்புகள் இருக்கும் இடம்) அது இல்லை என்றால், சர்வர்கள் ஒன்றையொன்று நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் நின்றுவிட்டது. 'ரெப்அட்மின் /ரெப்ல்சம்மரி' கொடுத்துப் பிழை வருகிறதா என்று பார்க்கலாம், அதோடு நிறுத்துங்கள். 60 நாளுக்கு மேல் தொடர்பு விட்டுப்போன சர்வரை, அந்த ஃபோல்டரை நகலெடுக்கும் டிஎஃப்எஸ்ஆர் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. எந்தப் பக்கத்து நகலை அசலாக வைப்பது என்று முடிவெடுத்துச் செய்ய வேண்டிய வேலை அது, தவறினால் நல்ல நகலும் போய்விடும்.

## பாதிப் பேருக்கு வந்தது, மீதிப் பேருக்கு இல்லை

வந்த மெஷினையும் வராத மெஷினையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' ஒப்பிடுங்கள். பத்துக்கு எட்டு முறை அங்கேயே பிடிபடும்.

### டிஎன்எஸ் வரியில் வெளி முகவரி இருந்தால்

டொமைன் மெஷினுக்கு டிஎன்எஸ் என்பது டொமைன் சர்வரின் முகவரிதான். "சர்வர் நின்னுட்டா நெட் கிடைக்கணும்ல" என்று இரண்டாவது இடத்தில் 8.8.8.8 போட்டுவைப்பது நம் ஊரில் பரவலான பழக்கம். முதலாவது கொஞ்சம் தாமதித்தால் விண்டோஸ் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அதிலேயே நிற்கும். கூகுளின் சர்வரிடம் போய் உங்கள் ஆபீஸ் டொமைன் எங்கே என்று கேட்டால் அதற்கு எப்படித் தெரியும்? வெளி முகவரியை மெஷினிலிருந்து எடுத்துவிட்டு, டொமைன் சர்வரின் டிஎன்எஸ் அமைப்பில் ஃபார்வர்டராகப் போடுங்கள். மெஷின் சர்வரைக் கேட்கும், சர்வர் வெளியே கேட்டுச் சொல்லும்.

இதே கோளாறின் இன்னொரு முகம் புது வகை முகவரி முறையான ஐபிவி6. ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டி தன் போக்கில் ஐபிவி6 டிஎன்எஸ் முகவரியை எல்லா மெஷினுக்கும் அறிவித்துக்கொண்டிருக்கும், விண்டோஸ் அதைத்தான் முதலில் கேட்கும். டிஎன்எஸ் வரியில் நிறைய முக்காற்புள்ளிகளோடு நீளமான முகவரி முதலில் நின்றால் இதுதான். பெட்டியின் அமைப்பில் அந்த அறிவிப்பை நிறுத்துங்கள். மெஷின்களில் ஐபிவி6-ஐயே அணைத்துப்போடும் வேலை வேண்டாம்.

### ஐபி முகவரியே வேறு வரிசையில் இருந்தால்

ஆபீஸ் முழுக்க 10.10.1 என்று இருக்கையில் சில மெஷின் மட்டும் 192.168.0 என்று காட்டினால், யாரோ வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து சொருகியிருக்கிறார்கள். அம்மாப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கிடங்கில் இதைத் தேடி அரைநாள் போனது. டிஹெச்சிபி சர்வர் வரியில் 192.168.0.1 என்று இருக்கிறது, 'ஏஆர்பி -ஏ' கொடுத்து அதன் மேக் முகவரியையும் (சாதனத்தின் நெட்வொர்க் அடையாள எண்) எடுத்துவிட்டேன், மேலாண்மை வசதி இல்லாத ஸ்விட்ச் என்பதால் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. கடைசியில் கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில், கைத்தறிச் சேலைப் பேல்களுக்குப் பின்னால், செய்தித்தாள் போர்த்தி, ஒரு சின்ன வெள்ளை ரவுட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. கிடங்குத் தம்பி போனுக்கு சிக்னல் வரட்டும் என்று வைத்தது, மஞ்சள் லேன் போர்ட்டில் நெட்வொர்க் கேபிளைச் சொருகிவிட்டான். அவனைத் திட்டி என்ன செய்ய, அந்த மூலைக்கு வைஃபை வேண்டும் என்று நாங்கள்தான் யோசித்திருக்க வேண்டும். அதே ரவுட்டரில் டிஹெச்சிபியை அணைத்து, அக்சஸ் பாயிண்ட்டாக மாற்றி, அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

நல்ல ஸ்விட்ச் இருந்தால் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போட்டுவிடுங்கள், சர்வர் இருக்கும் போர்ட்டைத் தவிர வேறெங்கிருந்து முகவரி கொடுத்தாலும் ஸ்விட்சே தடுத்துவிடும். முகவரி 169.254 என்று தொடங்கினால் அது வேறு கதை. யாருமே முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம். கேபிள், போர்ட், டிஹெச்சிபி சர்வர் நிற்கிறதா என்ற வரிசையில் பாருங்கள்.

## காலையில் வரவில்லை, பத்தரைக்கு மேல் தானாக வருகிறது

இந்த அறிகுறிதான் ஆட்களை அதிகம் குழப்பும், நாம் போய்ச் சேரும்போது எல்லாம் சரியாக இருக்கும். கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலை ஆபீஸில் தினமும் காலை ஏழெட்டு மெஷினில் ஷேர் டிரைவ் வராது, ஒரு ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும். மூன்று தடவை போயும் பிடிபடவில்லை என்றதும், ஆட்கள் வருவதற்கு முன் எட்டரைக்கே போய் ஸ்விட்ச் அலமாரி எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மேடம் ஒருவர் வந்து மெஷினைப் போட்டார். போர்ட்டின் விளக்கு ஆரஞ்சு நிறத்திலேயே நின்றது. அரை நிமிடம் கழித்துத்தான் பச்சைக்கு மாறியது. அதற்குள் எஸ்எஸ்டி போட்ட அந்த மெஷின் லாகின் திரையைக் காட்டிவிட்டது, அவரும் பாஸ்வேர்டு அடித்து உள்ளே போய்விட்டார். நெட்வொர்க் பிறக்கும் முன்பே லாகின் முடிந்துபோனது.

இவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். 1129 என்ற எண்ணில் பிழை, டொமைன் சர்வரோடு தொடர்பில்லாததால் பாலிசி எடுக்கவில்லை என்று இருந்தால் இந்த வகைதான். ஸ்விட்ச்சில் லூப் விழாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ, கேட்பதற்கு 15 விநாடி, கற்பதற்கு 15 விநாடி எடுத்துக்கொண்டுதான் போர்ட்டைத் திறக்கும். கம்ப்யூட்டர் மட்டும் சொருகியிருக்கும் போர்ட்களுக்கு 'போர்ட்ஃபாஸ்ட்' அல்லது 'எட்ஜ் போர்ட்' என்று குறித்துவிடுங்கள், காத்திருப்பு போய்விடும். இன்னொரு ஸ்விட்ச் சொருகியிருக்கும் போர்ட்டுக்கு மட்டும் இதைச் செய்யவே கூடாது, லூப் விழுந்தால் ஆபீஸ் முழுக்கப் படுத்துவிடும். அதோடு கம்ப்யூட்டர் பாலிசியில், லாகின் பகுதியில், தொடங்கும்போது நெட்வொர்க்குக்காகக் காத்திரு என்ற அமைப்பையும் இயக்குங்கள்.

ஷட்டவுன் செய்து போட்டால் வராது, ரீஸ்டார்ட் செய்தால் வரும் என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் சந்தேகப்படுங்கள். அது இயங்கும்போது ஷட்டவுன் என்பது முழு அணைப்பு இல்லை, அதனால் தொடக்கத்தில் ஓட வேண்டிய ஸ்கிரிப்டும் சாஃப்ட்வேர் நிறுவலும் ஓடாமல் போகலாம்.

மின்தடைக்கு மறுநாள் காலையில் மட்டும் வருகிறதா? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை கரண்ட் போகும் நாளுக்கு அடுத்த நாள்தான் இந்த போன் குவியும். மெஷினின் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டு செல் தீர்ந்திருந்தால் கரண்ட் முழுதாகப் போனதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். டொமைனில் நுழைவதைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் சோதனையில் சர்வருக்கும் மெஷினுக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே விடாது, நேரம் சர்வரோடு ஒத்துப்போன பிறகு விடும், அதனால்தான் "தானாகச் சரியாகிறது". இப்போதைக்கு 'டபிள்யூ32டிஎம் /ரீசிங்க்', நிரந்தரமாக 2032 எண் கொண்ட பட்டன் செல். நான்கு வருடம் தாண்டிய மெஷின்களுக்கு மொத்தமாக வாங்கி ஒரே நாளில் மாற்றிவிடுங்கள், கைக்காசு பெரிதாகப் போகாது.

எல்லா மெஷினும் ஒரே மாதிரி தவறான நேரம் காட்டினால் சர்வரின் நேரமே தவறு. சர்வர் விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் கீழே இருக்கும் ஹோஸ்ட்டின் நேரத்தையும் பாருங்கள். டொமைனுக்கே நேரம் சொல்லும் பிடிசி எமுலேட்டர் பொறுப்பில் இருக்கும் சர்வர்தான் வெளியிலிருந்து நேரம் எடுக்க வேண்டும், மற்றவை அதைப் பார்த்துக்கொள்ளும். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தேசிய தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு, நேரத்தைப் பொருத்தச் சொல்கிறது. அதையே வைத்துவிடுங்கள்.

## டொமைனோடு நம்பிக்கை உறவு முறிந்ததாகச் சொல்லி உள்ளேயே விடவில்லை

பழைய இமேஜை (டிஸ்க்கின் முழு நகல்) மீட்டெடுத்த மெஷினிலும், ஒரே பெயரில் இன்னொரு மெஷினைச் சேர்த்த இடத்திலும் இது வரும். மெஷினுக்கும் டொமைனில் ஒரு பாஸ்வேர்டு உண்டு, 30 நாளுக்கு ஒருமுறை தானாக மாறும். பழைய நகலில் பழைய பாஸ்வேர்டு இருக்கும், சர்வர் ஏற்காது.

உடனே டொமைனிலிருந்து விலக்கித் திரும்பச் சேர்க்க வேண்டாம். லோக்கல் அட்மின் கணக்கில் நுழைந்து, பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் -ரிப்பேர் -கிரெடென்ஷியல்' என்று கொடுத்து டொமைன் அட்மின் பெயரைச் சேர்த்தால் பெரும்பாலும் அங்கேயே சரியாகிவிடும். லோக்கல் அட்மின் பாஸ்வேர்டே யாருக்கும் தெரியாது, டிஸ்க்கும் பிட்லாக்கரில் பூட்டியிருக்கிறது, மீட்புச் சாவியும் இல்லை என்றால், அங்கேயே கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## பென்டிரைவைத் தடுத்ததும் ஆடிட்டர் டோக்கன் நின்றுவிட்டது

மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் 20ஆம் தேதி, தடைப் பாலிசியை 18ஆம் தேதி போடுவார்கள், 19ஆம் தேதி டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேலை செய்யவில்லை என்று ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வரும். இந்த வரிசையை ஐந்து ரோடு பக்கத்திலேயே மூன்று ஆபீஸில் பார்த்துவிட்டேன்.

டோக்கன் பென்டிரைவ் இல்லை, உள்ளே இருப்பது ஸ்மார்ட்கார்டு. ஆனால் சில டோக்கன்கள் தன் டிரைவர் மென்பொருளை ஒரு குட்டி சிடி டிரைவாகக் காட்டும். எல்லா வகை சேமிப்புக்கும் மொத்தத் தடை என்ற அமைப்பைப் போட்டால் அந்த சிடியும் மறைந்துபோகும், புது மெஷினில் டிரைவரை நிறுவ வழியிருக்காது. மொத்தத் தடையை எடுத்துவிட்டு, 'ரிமூவபிள் டிஸ்க்ஸ்' என்ற வகைக்கு மட்டும் படிக்கவும் எழுதவும் தடை போடுங்கள். டோக்கன் மென்பொருளைத் தனியாக இறக்கி முன்கூட்டியே நிறுவிவிட்டால் இன்னும் நல்லது. புதுச் சாதனங்களை நிறுவவே விடாத வேறொரு பாலிசி இருந்தால், டோக்கனை வேறு யூஎஸ்பி போர்ட்டில் சொருகினாலும் தடுக்கக்கூடும், அதில் டோக்கனின் ஹார்டுவேர் ஐடியை அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

தாக்கல் வாரத்தில் புதுப் பாலிசி போடுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 21ஆம் தேதி போட்டுக்கொள்ளலாம்.

## பாலிசியை எடுத்த பிறகும் விதி ஒட்டிக்கொண்டிருக்கிறது

அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட் விதிகள் பாலிசியை எடுத்ததும் போய்விடும். ப்ரிஃபரன்ஸஸ் பகுதியில் போட்ட டிரைவ், ஷார்ட்கட், ரெஜிஸ்ட்ரி மாற்றமெல்லாம் அப்படியே தங்கும். 'இனிப் பொருந்தாதபோது நீக்கிவிடு' என்ற பெட்டியை முன்பே டிக் செய்திருக்க வேண்டும். செய்யவில்லையா, அதையே 'டிலீட்' என்று ஒரு புது உருப்படியாக எழுதி ஒரு சுற்று ஓடவிடுங்கள்.

## பிரிண்டர் மட்டும் வரவில்லை, அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது

2021 ஆகஸ்ட் அப்டேட்டுக்குப் பிறகு அட்மின் இல்லாத யூசர் பிரிண்டர் டிரைவரை நிறுவ முடியாது, பிரின்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்கக் கொண்டுவந்த மாற்றம். ரெஜிஸ்ட்ரியில் அதைத் தளர்த்தும் வழியைப் பலரும் சொல்லித்தருவார்கள், செய்யாதீர்கள், அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறப்பது அது. டிரைவரைத் தொடக்க ஸ்கிரிப்ட் மூலம் எல்லா மெஷினிலும் முதலில் நிறுவிவிடுங்கள், அப்புறம் பாலிசி பிரிண்டரை இணைத்தால் கேள்வி கேட்காது.

## வைஃபையில் போன்களுக்குப் போட்ட விதி இரண்டு நாளில் செத்துவிடுகிறது

ஏற்காட்டில் 22 அறை கொண்ட ஒரு விடுதி. ஊழியர் போன்களுக்குத் தனி வேகம், விருந்தினருக்குத் தனி வேகம், எல்லாம் மேக் முகவரியை வைத்து ரவுட்டரில் எழுதியிருந்தார்கள். கோடை விழா நேரம், மே மாதம், வரவேற்பில் இருந்த அக்கா, "நேத்து வேகமா இருந்துச்சுங்க, இன்னைக்கு மேனேஜர் போனுக்கே விருந்தாளி வேகம்தாங்க வருது" என்றார். ரவுட்டரின் பட்டியலைத் திறந்தால் மேனேஜரின் போன் மூன்று வேறு முகவரியில் மூன்று முறை நிற்கிறது.

ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் தன் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் வைஃபை பெயருக்கு ஒன்று என்று புனைமுகவரி காட்டும். நெட்வொர்க்கை மறக்கச் சொல்லித் திரும்பச் சேர்ந்தாலோ, போனை ரீசெட் செய்தாலோ அது மாறிவிடலாம். கண்டுபிடிப்பது சுலபம்: மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது புனைமுகவரி.

விடுதிக்குச் சொந்தமான சாதனம் என்றால் அந்த வைஃபை பெயருக்கு மட்டும் போனின் சொந்த மேக்கைப் பயன்படுத்து என்று மாற்றிவிடலாம், காசே இல்லை. ஊழியரின் சொந்த போன் என்றால் மேக்கை நம்புவதை விட்டுவிட்டு, அவரவர் பெயர், பாஸ்வேர்டு போட்டு நுழையும் 802.1எக்ஸ் முறைக்குப் போங்கள். விருந்தினருக்கு வவுச்சர், வவுச்சருக்கு இவ்வளவு வேகம் என்று எழுதினால் போன் எந்த முகமூடியில் வந்தாலும் விதி பொருந்தும். இந்த இரண்டையும் உங்கள் ரவுட்டர் தாங்காது என்றால்தான் புதுப் பெட்டி வாங்குவது பற்றிப் பேச வேண்டும்.

### அதே இடத்தில் சிலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை என்றால்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 அறை, அறைக்கு ஐந்து போன், நாளுக்கு 110. இருப்பதோ 254 முகவரி. ஒரு முகவரியை ஒரு போனுக்கு ஒதுக்கும் காலமான லீஸை 8 நாள் என்று விட்டிருந்தார்கள், ஊருக்குத் திரும்பிய குடும்பத்தின் முகவரியும் ஒரு வாரம் பூட்டியே கிடக்கும். மூன்றாம் நாள் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். விருந்தினர் வைஃபைக்கு லீஸை நான்கு மணி நேரமாகக் குறையுங்கள், அவர்களைத் தனி விலானில் (அதே ஸ்விட்ச்சில் தனியாக ஓடும் நெட்வொர்க்) பிரித்துவிடுங்கள், தேவைப்பட்டால் முகவரி வரிசையை இரண்டு மடங்காக்குங்கள். அந்த விடுதியில் லீஸைக் குறைத்ததிலேயே சரியாகிவிட்டது.

## டேப்லெட் எம்டிஎம்மில் பச்சையாகத் தெரிகிறது, விதி மட்டும் இறங்கவில்லை

கடைசியாகத் தொடர்பு கொண்ட நேரத்தைப் பாருங்கள். அது நேற்று, முந்தாநாள் என்றால் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று ஆண்ட்ராய்டு எம்டிஎம் ஆப்பைத் தூங்கவைத்துவிட்டது. அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள். ஆப்பை யாரோ நீக்கிவிட்டார்கள் என்றால் சேர்த்த முறையே தவறு: சாதனத்தை ஃபேக்டரி ரீசெட் செய்து, வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டி, க்யூஆர் மூலம் முழு நிர்வாகச் சாதனமாகச் சேர்க்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் டேப்லெட்டை ரீசெட் செய்யாமல் அந்த நிலைக்குக் கொண்டுவர முடியாது.

ஐபேட்கள் எல்லாம் ஒரே நாளில் கேட்காமல் போனால் எம்டிஎம் ஐபேடோடு பேசத் தேவையான ஆப்பிளின் புஷ் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது. ஒரு வருடம்தான் ஆயுள். முதலில் எடுத்த அதே ஆப்பிள் ஐடியில் நுழைந்து புதுப்பிக்க வேண்டும். வேறு ஐடியில் புதிதாக எடுத்தால் எல்லாச் சாதனத்தையும் முதலிலிருந்து சேர்க்க வேண்டி வரும். எடுத்தவர் வேலையை விட்டுப்போய், ஐடியும் அவர் சொந்த மெயிலாக இருந்தால் ஆப்பிள் சப்போர்ட்டைத்தான் அணுக வேண்டும், உங்கள் பக்கம் செய்ய ஒன்றும் இல்லை. இன்றைக்கே அந்த ஐடி யாருடையது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

## சேலம் ஆபீஸில் சரி, ஏற்காட்டுக் கிளையில் மட்டும் வரவில்லை

இணையத்துக்குள் ஓடும் தனிப் பாதையான விபிஎன் வழியாக இணைந்த, மலைமேல் இருக்கும் கிளையில் கட்டுப்பாடு விதிகள் வரும், சாஃப்ட்வேர் நிறுவலும் ஃபோல்டர் ரீடைரக்‌ஷனும் வராது. இணைப்பு வேகம் 500 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே என்று விண்டோஸ் கணக்கிட்டால் கனமான பாலிசிகளை விட்டுவிடும். ஜிபிரிசல்ட்டிலேயே ஸ்லோ லிங்க் வரம்பு இவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். வரம்பைக் குறைத்து ஏமாற்றுவதைவிட, மென்பொருளை அங்கேயே ஒரு மெஷினில் வைத்து நிறுவுவது நல்லது.

மழை பெய்த மறுநாள் மட்டும் என்றால் பாலிசியை மறந்துவிட்டுக் கேபிளைப் பாருங்கள். ஏப்ரல், மே இடிமழையில் மலைமேல் செத்துப்போன ஸ்விட்ச் போர்ட்டுகளை எண்ணி முடியாது. வரவேற்புக் கட்டடத்திலிருந்து குடில்களுக்கு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே காப்பர் கேபிளைத் தொங்கவிட்டிருப்பார்கள். இடி நேரடியாக விழ வேண்டாம், பக்கத்தில் விழுந்தாலே அந்தக் கேபிள் வழியாக மின்னெழுச்சி ஏறி இரண்டு முனையையும் தின்றுவிடும். போர்ட் முழுதாகச் சாகாமல் அரைகுறையாக இருக்கும்போதுதான் பாலிசி வருவதும் வராததுமாக ஆட்டம் காட்டும். ஸ்விட்ச்சில் அந்தப் போர்ட்டின் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்த தகவல்) எண்ணிக்கை ஏறுகிறதா, 1000 எம்பிபிஎஸ் வேகத்தில் இணைந்திருந்தது 100ல் நிற்கிறதா என்று பாருங்கள். நல்ல போர்ட்டுக்கு மாற்றி ஒரு நாள் விட்டுப்பாருங்கள். கேபிள் 100 மீட்டரைத் தாண்டுகிறதா என்று அளந்துகொள்ளுங்கள், குடில்களுக்கு இழுத்த கேபிள் பல நேரம் தாண்டியிருக்கும். ஆர்ஜே45 முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால், மேலே மூடுபனிக்கு அது சகஜம், வெட்டிவிட்டுப் புது முனை அடியுங்கள்.

இதற்கு மேல் செலவுதான், அது ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையும்கூட: கட்டடத்துக்குக் கட்டடம் உலோகக் கவசம் இல்லாத ஃபைபர், அதை ஸ்ப்ளைஸ் செய்ய மெஷின் வைத்திருப்பவர், எர்த் எவ்வளவு ஓம் காட்டுகிறது என்று அளந்து சொல்ல லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன். பாறை நிலத்தில் எர்த் நன்றாகப் பிடிக்காது, ஒரு குழி போதாமல் போகலாம், அதை அவர் அளந்துதான் சொல்ல வேண்டும். எலக்ட்ரீஷியனை முதலில் அனுப்புங்கள், ஃபைபர்காரரை அடுத்து, ஸ்விட்ச்சைக் கடைசியாக மாற்றுங்கள். வரிசை மாறினால் புது ஸ்விட்ச்சும் அடுத்த மழையில் அதே வழியில் போகும்.